துரை பங்களா வேலியின் அவரை

மே 9, 1943
இன்றும் மரவள்ளிக்கிழங்கு. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்த பார்வையில் கிழங்கே கூசியிருக்கும். மலாயாத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிற ஆளுக்கு மகாராஜா நாக்கு.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காலியான பங்களா வேலியில் அவருடைய ஜாவாக் கொடி பூத்துக் கிடக்கிறது. ஜாவாவில் நெருப்பு கக்கும் மலையடியில் தானாக முளைத்ததாம். விதை கொண்டுவந்து போட்டார். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடினார், கொடி ஓடவில்லை. ஊதாப்பூ. பட்டை பட்டையாகக் காய். பார்த்தால் நம் தம்பட்டங்காயேதான்.

மே 11
சயாமில் ரயில் பாதை போட எங்கள் லயத்து வீடுகளிலிருந்து பத்துப் பேர் போகவேண்டுமாம், ஜப்பான்காரன் உத்தரவு. இவர் பெயரும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை லாரி, பிறகு சிகாமட் ரயில் ஸ்டேஷன். "மூணு மாசந்தானே புள்ள" என்று மீசையை முறுக்குகிறார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களிடமிருந்து ஒரு வரி கூட வரவில்லையே, அது இந்த மீசைக்குத் தெரியாதா? அடுப்படியில் போய் அழுதேன்.

மே 13
போகிறவருக்கு வாய்க்கு ருசியாக எதாவது— வேலிக்காயைப் பறித்து, ஒரே கொதியில் இறக்கி, தேங்காய் போட்டுப் பொரித்தேன். முற்றல்தான், ஆனால் மணம் தூக்கியது. சட்டியை வழித்தார். எனக்கு இரண்டு துண்டு வைத்தார், தர்மப்பிரபு.

மே 14
விடியும் முன்பே வாந்தி, பேதி. எனக்கும் கொஞ்சம். முற்றிய கொட்டையைத் தோலுரித்து, இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைக்கணுமாம், லயத்துக் கோடி வீட்டுக் கருப்பாயி இப்போது வந்து சொல்கிறாள். நம்ம ஊர்க் காய் என்று நினைத்தேனே, என் புத்தியை எதால அடிக்கிறது? ஆள் எடுக்க வந்த அதிகாரி இவரைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு காலரா என்று கத்திப் பின்வாங்கினான். லாரி இவர் இல்லாமல் போயிற்று.

பத்துப் பேர் வேண்டுமல்லவா. அடுத்த வீட்டுச் சின்னத்தம்பியை ஏற்றினார்கள்.

மே 16
கஞ்சி குடித்தார். "இனிமே என்னக் கொல்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடு" என்றார். சிரித்துவிட்டேன். சிரிப்புச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமோ?

மே 30
மழை. சின்னத்தம்பியின் பெண்சாதி செல்வராணி ஒரு கிண்ணம் ஜவ்வரிசி கொண்டுவந்தாள். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணனுக்கு வயிறு பரவாயில்லையாக்கா? இதக் காய்ச்சிக் குடுங்க."

வாங்கிக்கொண்டேன். கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை. எதைப் போட்டுக் கொடுப்பேன்?