பூட்டியிருந்த வீடுகள்

என் செல்லப் பேத்திக்கு உன் பாட்டி எழுதுவது. நீ எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதிகள். உன் பெரியப்பா மகன் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டான். சுழல் நாற்காலி கொடுத்திருக்கிறார்களாம். அதைத்தான் முதலில் சொன்னான். உன் அத்தை மகள் வக்கீல் பரீட்சையில் பாஸ். இனி அந்த வீட்டில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. உன் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கிவந்து, அதில் பல் துலக்கத் தண்ணீர் பிடிக்கிறான். இதற்கு அடுத்ததாக எப்போதும் உன்னைச் சொல்வேன், பெரிய பேத்தி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள் என்று. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவே நாளாயிற்று. நுழைந்த பிறகு பால்காரரைக்கூட விட்டதில்லை.

உன் அறைத்தோழி போனில் எல்லாவற்றையும் சொன்னாள். உன் ஆய்வுக்காக, இரவு வேலைக்குப் போகிறவர்களின் தூக்கத்தைப் பற்றி வீடு வீடாகக் கேட்டாயாம். பூட்டியிருந்த வீடுகளுக்கு நீயே பதில் எழுதிவிட்டாயாம். "நிஜ மனுஷங்க இவ்வளவு ஒழுங்கா பதில் சொல்ல மாட்டாங்கம்மா" என்று பேராசிரியர் பிடித்துவிட்டாராம். இனி பட்டமும் கிடையாது, திரும்பச் சேரவும் முடியாது என்கிறாள்.

போன விடுமுறையில் நீதானே எனக்குச் சொன்னாய், "பூட்டின வீட்டைப் பூட்டி இருந்துச்சுன்னே எழுதணும் பாட்டி, திரும்பத் திரும்பப் போகணும், அப்பவும் ஆள் இல்லைன்னா அப்படியே விட்டுடணும்" என்று. அவ்வளவு தெரிந்தவள் ஏன் செய்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கால் ஓய்ந்திருக்கும். கெடுவும் நெருங்கியிருக்கும்.

பட்டம் வாங்கும் முன்பே கறுப்பு அங்கியை வாடகைக்கு எடுத்து, ஸ்டுடியோவில் உன்னைப் படம் பிடித்தோமே, அதை உன் அப்பா கழற்றிவிட்டான். "வாங்கப்போறதுதானே" என்று அன்றைக்கு அவசரப்பட்டவனும் அவன்தான். படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாகத் தெரிகிறது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் "எனக்கு ஒரே பையன்" என்கிறான். நான் பெற்றவனை எனக்குத் தெரியும். அவன் மனசு மாறும் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். உன் அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள்.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. நீ அறையைக் காலி செய்துவிட்டாய், எங்கே போனாய் என்று தெரியாது என்கிறாள் உன் தோழி. நான் முன்பு எழுதிய கடிதங்களும் அவள் மேசைமேல் பிரிக்காமல் கிடக்கின்றனவாம். இதுவும் அங்கேதான் போய்ச் சேரும். பதில் வரும் என்ற எண்ணம் எனக்கும் தேய்ந்துவிட்டது.

நேற்றுப் பக்கத்து வீட்டம்மா, "பெரிய பேத்தி எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கா என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பூட்டின வீடுகளுக்கு நீ எழுதிய பதிலும் இப்படித்தானே வந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. விழுங்கிக்கொண்டேன். "தெரியலைம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பட்டம் போகட்டும், கண்ணு. நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். சுவரில் உன் படம் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்க நான் விடவில்லை. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. அங்கி வேண்டாம். தலைகூட வாரியிருக்க வேண்டாம். இப்போது எடுத்த படமாக இருந்தால் போதும்.

உன் பாட்டி