திரும்பாதே என்றவளுக்கு

இன்று காலை பால்கனியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். வாஷிங் மெஷினிலிருந்து வெளியே வரும் ரப்பர் குழாயின் வாயில் ஒரு குளவி ஈரமண்ணை உருட்டி வைத்து அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு நடை போய் வந்தது, இன்னொரு உருண்டை வைத்தது, மறுபடியும் பறந்தது. நான் துணியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் ஓடி வந்து, "என்ன அத்தே, ஒரு குளவிக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றாள். கொட்டிவிடுமோ என்று பயமாக இருந்தது என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு உன்னைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு குளவியிலிருந்து உன்வரைக்கும் எப்படிச் சொல்லிக்கொண்டு போவது?

நாம் இருவரும் கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நீ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பெண், நான் மில் தொழிலாளியின் மகள். படிப்பு முடிந்ததும் உன்னைப் பிரான்சில் இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. பொங்கலுக்கு ஒன்று, நொயேல் என்று நீ சொல்லும் கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று கடிதம் வந்துபோய்க்கொண்டிருந்தது. பிறகு, ஊரில் எல்லாரும் செல்போன் வாங்கத் தொடங்கியிருந்த அந்த வருஷங்களில், நீ கணவரைப் பிரிந்து, மகளை அங்கே படிப்பில் விட்டுவிட்டு, நாற்பத்தைந்து வயதில் தனியாக வந்து இறங்கினாய். உன்னுடன் பெரிய மரப்பெட்டிகளும் வந்தன. கட்டிலும் பீரோவும் இருக்கும் என்று நினைத்தேன்.

தவளக்குப்பத்தைத் தாண்டி உன் அப்பா வாங்கிப் போட்டிருந்த சவுக்குத்தோப்பை வெட்டி, நிலத்தைச் சமன் செய்து, ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தாய். அங்கேதான் பெட்டிகளைப் பிரித்தாய். மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, முதுகுப்பக்கம் எஞ்சின், தலைக்கு மேலே இரண்டு நீளமான இறக்கைகளோடு ஒரு விசிறி.

"இது என்னடி, ஹெலிகாப்டரா?"

"இல்ல. ஓட்டோஜீர். இங்க ஜைரோபிளேன்னு சொல்லுவாங்க. அங்க ஓட்டக் கத்துக்கிட்டேன், மத்தவங்களுக்குச் சொல்லியும் குடுத்தேன்."

மேலே சுற்றுகிற விசிறியை எஞ்சின் சுற்றவில்லை என்று நீ சொன்னது எனக்கு விளங்கவே இல்லை. அப்போது நீ கேட்டாய்: "கரண்ட் போனப்போ உங்க வீட்டு மாடியில கடல் காத்துக்கு ஃபேன் தானா சுத்துமே, பாத்திருக்கியா? அதேதான். எஞ்சின் பின்னாலேருந்து தள்ளும், அவ்வளவுதான். காத்து வந்து மேல இருக்கறத சுத்தும். எஞ்சின் நின்னாலும் எறங்கற வரைக்கும் அது சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

"எஞ்சின் நிக்குமா?" என்றேன். நீ சொன்னதில் எனக்குக் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

அனுமதிக்காக எத்தனையோ ஆபீஸ் படி ஏறி இறங்கினாய். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நீ பறக்க ஆரம்பித்தாய். நான் ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி வந்து, காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பையின் கீழே வாக்கிடாக்கியோடு நிற்பேன். "எக்ஸ்சேஞ்சுல பேசிப் பழகுன தொண்ட, தெளிவா இருக்கும்" என்று அந்த வேலையை என் தலையில் கட்டியவள் நீ. காற்று எந்தப் பக்கம், ஓடுபாதையில் மாடு நிற்கிறதா, பாதையை மறித்து யாராவது நடக்கிறார்களா என்று சொல்ல வேண்டும். நீ மேலே இருக்கும்வரை எச்சில் விழுங்க மாட்டேன்.

உன் பாடம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தரையை விட்டதும் உயரத்துக்கு ஆசைப்படக் கூடாது. தரையோடு தரையாகப் போய் வேகத்தைச் சேர்த்துக்கொண்டபிறகுதான் ஏற வேண்டும். ஏறும்போது எஞ்சின் நின்றால் உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். "தாழ்த்தணும், குத்தக் கூடாது" என்பாய். வெடுக்கென்று தள்ளினால் மேல்விசிறிக்குக் காற்றின் பிடி விட்டுப்போகும். பிறகு நேர் எதிரே என்ன கிடக்கிறதோ அதில் இறங்க வேண்டும். வயலோ, கட்டாந்தரையோ, முள்ளோ, எதுவானாலும். "பின்னால ஓடுபாதை இருக்கேன்னு மட்டும் நெனைக்காத. திரும்பறதுக்குள்ள இருக்கற உயரமெல்லாம் தீந்துடும். திரும்பாத."

நீ பலமுறை கூப்பிட்டும் நான் ஏறவில்லை. ஆனி மாதத்தில் ஒரு நாள், ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை, சரி என்றுவிட்டேன். நடுவில் இரண்டு மூன்று வாரமாக நீ பறக்கவில்லை. அன்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு முடிச்சையும் திருகாணியையும் தொட்டுப் பார்த்தாய். எஞ்சினைச் சூடாக்கினாய். அது நன்றாகவே ஓடியது. எனக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்டு, "கண்ண மூடிக்காத, மூடினா பயம் ஜாஸ்தியாகும். ஆலே, போலாம்" என்றாய்.

மேற்கிலிருந்து காற்று. ஓடினோம், தரை விட்டது, நீ சொன்னபடியே தரையோடு போய் வேகம் பிடித்து ஏறினாய். ஓடுபாதை முடிந்தது. இரண்டு பனை உயரம் இருக்கும். எஞ்சின் ஒரு முறை விக்கியது. இன்னொரு முறை விக்கி, நின்றுவிட்டது.

அந்த அமைதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. தலைக்கு மேலே விசிறி மட்டும் சர் சர்ரென்று சுற்றியது. கீழே கடலைக் கொல்லையில் நான்கு பெண்கள் களை கொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பச்சைச் சேலையில் நிமிர்ந்து நம்மையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். நம் ஓடுபாதை, தகரக் கொட்டகை, என் ஸ்கூட்டர் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தன. "திரும்புடி! திரும்பிடுடி!" என்று அலறினேன்.

வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நீ திரும்புகிறாய் என்று என் உடம்பு முழுக்க ஓர் ஆறுதல் பரவியது. அடுத்த கணமே சாய்வு நிமிர்ந்து, மூக்கு தாழ்ந்து, கொல்லை நம்மை நோக்கி எழும்பி வந்தது. "போ! போ! ஓடு!" என்று நீ கீழே பார்த்துக் கத்தினாய். பச்சைச் சேலைக்காரி வரப்பைத் தாண்டிக் குதித்தாள். தரை தொடும் நேரத்தில் நீ மூக்கைத் தூக்கினாய். வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது, மெதுவாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் முன்சக்கரம் ஈர வாய்க்காலில் இறங்கிப் பக்கவாட்டில் சரிந்தது. விசிறி மண்ணில் அடித்து உடைந்தது. மண்கட்டிகள் என் முகத்தில் வந்து விழுந்தன. தோள்பட்டையில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பச்சைச் சேலைக்காரிதான் முதலில் வந்தாள். கையில் களைக்கொத்து அப்படியே இருந்தது.

"ஏம்மா, உசுரு இருக்குதா?"

"இருக்குதுக்கா" என்றாய் நீ.

"ரெண்டு பேத்துக்குமா?"

"ரெண்டு பேத்துக்கும்."

அது தெரிந்தபிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அப்ப எங்க தல மேலதான் வந்து எறங்கணுமா? பின்னால அம்மாம் பெரிய எடம் போட்டு வச்சிருக்கீங்களே, அங்க எறங்குனா ஆவாதா?"

நீ பெல்ட்டில் தொங்கிக்கொண்டே, "அங்க திரும்பியிருந்தா உங்க தல மேலயேதான் விழுந்திருப்போம்க்கா" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். பிறகு அழுதாய். அவள் உன் கன்னத்து மண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, குடத்துத் தண்ணீரை நமக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

பெட்ரோல் டாங்குக்குள் காற்று போக ஒரு சிறு குழாய் உண்டு. அதன் வாய் அடியில் மறைவாக இருந்தது. வண்டி சும்மா நின்ற வாரங்களில் ஒரு குளவி அதை மண்ணால் அடைத்திருந்தது. நிதானமாக ஓடியபோது எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல் எப்படியோ வந்துவிட்டது. முழு வேகம் கேட்டபோது, காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வரவில்லை. கையில் கட்டுடன் நீ அந்த மண்ணை ஊசியால் குத்தி எடுத்துக் காட்டினாய். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே உட்கார்ந்து நீ சொன்னதுதான் அதைவிட என்னைப் பயமுறுத்தியது.

"என் கை திரும்புச்சு, பாத்தியா?"

"நான் கத்துனேன்ல, அதனாலடி."

"நீ கத்தறதுக்கு முன்னாலேயே திரும்பிடுச்சு. எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன்! எனக்கே அந்த எடத்த விட்டா போக்கிடம் இல்லன்னு தோணிடுச்சு."

எல்லாம் தெரிந்த உனக்கே அப்படி என்றால், தெரிந்து வைத்துக்கொள்வதில் என்ன காவல் இருக்கிறது என்று அன்றிரவெல்லாம் யோசித்தேன்.

என் கணவர் அதிகம் பேசவில்லை. "உனக்கு ரெண்டு புள்ளைங்க" என்றார். இனி அதில் ஏறுவதில்லை என்று சத்தியம் செய்தேன். நீயும் விட்டுவிடுவாய் என்று நம்பினேன். நீயோ புது விசிறி வரவழைத்தாய், குழாய் வாய்க்குச் சன்னமான கம்பிவலை கட்டினாய், மழை விட்டதும் மறுபடி வண்டியை வெளியே தள்ளினாய். புறப்படும் முன் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாய். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு முறையும்.

"இவ்ளோ பயந்துக்கிட்டு ஏன்டி பறக்கற?"

"பயம் போனதுக்கு அப்புறம் பறக்கறவங்களையும் பாத்திருக்கேன். அவங்க வண்டியில நான் ஏற மாட்டேன்."

பிறகு என்னிடம் ஒன்று கேட்டாய். நீ ஏறும்போது எஞ்சின் நின்றால், நான் கீழேயிருந்து ஒரே வார்த்தை சொல்ல வேண்டும்: நேரா. "என் கைய நான் நம்பல. நீ சொல்லு." முடியாது என்றேன். என் வார்த்தையை நம்பி நீ எதிலாவது போய் மோதினால்? இரண்டு வாரம் வரவேயில்லை. மூன்றாவது ஞாயிறு, நீ தனியாகப் பறப்பதை நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது அதைவிடப் பயமாக இருந்ததால் வந்தேன்.

தை மாதம். வடகிழக்குக் காற்று. நீ கடல் பக்கம் பார்த்து ஏற வேண்டும். அந்தப் பக்கம் வெட்டாமல் விட்ட சவுக்கு வரிசை, அதற்கப்பால் உப்பங்கழி. நீ சவுக்குக்கு மேலே ஏறும்போது படீரென்று ஒரு சத்தம், எஞ்சின் அடங்கிவிட்டது. உள்ளே ஏதோ உடைந்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

அந்தக் கணத்தில் என் வாய்வரைக்கும் வந்த வார்த்தை 'வந்துடு' என்பதுதான். உன்னை என் பக்கத்தில், நான் நிற்கும் தரையில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சவுக்குக்கு அப்பால் தண்ணீரா மணலா என்று எனக்குத் தெரியவில்லை. உன் வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்வது தெரிந்தது. பொத்தானை அமுக்கினேன். "நேரா" என்றேன். "நேரா. நேரா. நேரா." வண்டி நிமிர்ந்தது. மூக்கைத் தாழ்த்தி, சவுக்கு வரிசைக்குப் பின்னால் இறங்கி மறைந்தாய்.

உன்னைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஓடினேன். நானே உன்னைக் கொன்றுவிட்டேன் என்று உறுதியாக நினைத்துக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே போயிற்றோ, சவுக்கு அடிக்கட்டைகள் காலைக் கிழித்தன. தோப்பின் விளிம்புக்கு வந்ததும் பார்க்கப் பயந்து கண்ணை மூடி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

கழியோரத்து மணல்திட்டில் வண்டி மூன்று சக்கரத்திலும் நின்றது. விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது. நீ பக்கத்தில் மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பல் கிட்டித்துப் போய் உன்னால் ரேடியோவில் பேச முடியவில்லை. நான் வந்து உன்மேல் விழுந்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னாய்:

"நீ அழுதுக்கிட்டே சொன்ன."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பயத்துல செத்துக்கிட்டு இருக்கற ஒருத்தி சொல்றாளே, அப்ப அது சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு."

அதற்குப் பிறகும் சில வருஷம் பறந்தாய், வாந்தி எடுத்தாய், நான் காற்றுப்பையின் கீழே நின்றேன். பிறகு வண்டியை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனாய். போன மாசி மாதம் ஒரு நாள் தூக்கத்திலேயே உன் இதயம் நின்றுபோனது. செய்தி கேட்ட எல்லாரும், "பறக்கும்போதா?" என்றுதான் கேட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் மகள் கூப்பிட்டாள். பிரெஞ்சும் தமிழும் கலந்த அவள் பேச்சில் உன் குரல் அங்கங்கே கேட்டது. அத்தை என்பதைப் பிரெஞ்சில் 'தாந்த்' என்றாள். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்றாள். நீ போவதற்கு முன்பே தெரியுமாம். உன்னிடம் சொல்லவில்லையாம்.

"அம்மாவுக்கு எதுக்குமே பயம் கெடையாது. நான் இப்படி நடுங்கறதப் பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு சொல்லாமலே இருந்துட்டேன், தாந்த்" என்றாள்.

கொட்டகைக்குப் பின்னால் நடந்ததை நீ யாருக்கும் தெரியவிட்டதில்லை. ஆனாலும் சொன்னேன்.

"உங்கம்மா ரொம்பப் பயப்படுவா கண்ணு. ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்துட்டுத்தான் வண்டியில ஏறுவா. நான் கூடவே இருந்து பாத்தேன்."

எதிர்முனையில் அவள் அழத் தொடங்கினாள். "நெஜமாவா?" என்றாள். "நெஜமாவா, தாந்த்?"

"நெஜமா" என்றேன்.

சிகிச்சையன்று ஆஸ்பத்திரி வாசல்வரை என்னோடு போனிலேயே பேசிக்கொண்டு போனாள். இப்போது தேறி வருகிறாள். உன்னைப் பற்றி ஊர் சொல்வதெல்லாம் உன் தைரியம். எனக்கு நீ விட்டுப் போனது உன் பயம். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கொடுக்கிறேன்.