ஐஸ் ஃபேக்டரி வளைவில் எடுத்த படம்

அன்பு மகளுக்கு,

நம் மாடியில் குடியிருக்கும் விசிலக்காவை நீ படத்திலிருந்து வெட்டிவிட்டாய், அதனால் விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மற்றபடி இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய முட்டிவலியும் நலம், உன் நலத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியவில்லை, போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன், இதை ஒன்றும் சைலண்டில் போட முடியாது.

நடந்ததை நீ முழுதாகக் கேட்கவே இல்லை, அதனால் சொல்கிறேன். சைக்கிள் பந்தயம் நம் தெரு வழியாகப் போகிறது என்றதும், இத்தனை வருடமாக ஆம்புலன்ஸ்கூடக் குதித்துக் குதித்துப் போன சாலைக்கு ஒரே வாரத்தில் தார் போட்டுவிட்டார்கள். தள்ளுவண்டிக்காரர்களையும் செருப்புத் தைக்கிறவரையும் துரத்திவிட்டார்கள், வெளிநாட்டுக்காரர்கள் கண்ணில் படக் கூடாதாம். வளைவில் ஒரு பொடிக்கல் கிடந்தாலும் சக்கரம் வழுக்கிவிடும் என்று விசிலக்காவை விடிவதற்கு முன்பே கொண்டுவந்து கூட்டவிட்டார்கள். நான் கேமராவோடு போனபோது கூட்டி முடித்து, மாடியில் பாத்திரம் கழுவும்போது அடிப்பாளே, அதே விசிலை அடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் "ரோட்டுல சோறு போட்டுத் தின்னலாம், அப்படிக் கூட்டி வச்சிருக்கேன், இதுக்கு மேல எவனாவது விழுந்தா அவன் ஓட்டத் தெரியாதவன்" என்றாள். கயிற்றுக்குப் பின்னால், நடைபாதை மேல் நிற்கச் சொல்லியிருந்தார்கள், அங்கேதான் நின்றாள். எதிர்ப்பக்கம் நான். வெயிலில் காத்துக் கிடந்து கிடந்து எனக்குக் கண் எல்லாம் பூத்துப்போயிற்று.

ஓடுகிற சைக்கிளோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பினால்தான் ஆள் தெளிவாக, பின்னால் எல்லாம் கலங்கலாக வரும், இது உனக்கு நானே சொல்லிக்கொடுத்தது. என் தோள்பட்டை இப்போதெல்லாம் அப்படித் திரும்புவதில்லை. கேமராவைத் தடுப்புக் கம்பியில் ஊன்றி அசையாமல் வைத்து எடுத்தேன். "உன் படத்துல கண்டதெல்லாம் தெரியுதும்மா, ஆளை மட்டும் காட்டு" என்று நீ அலுத்துக்கொள்வாயே, அன்றைக்கும் கண்டதெல்லாம் தெரிந்தது. மஞ்சள் சட்டைக்காரன் வளைவில் படுத்துத் திரும்புகிறான். அவனை வீடியோ எடுக்க வந்த பைக், கயிற்றை இழுத்துக்கொண்டு நடைபாதைமேல் ஏறுகிறது. விசிலக்காவின் இரண்டு காலும் நடைபாதையில் இருக்கின்றன, பயத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டியிருக்கிறாள். நான் பட்டனை அழுத்தி முடிப்பதற்குள் பைக் மோதி அவள் கால் முறிந்துவிட்டது. பந்தயம் நிற்கவில்லை, மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் சர்ர்ரென்று போய் முடிகிறவரை அவளிடம் ஓட எங்களை விடவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் கேமராவிலிருந்தே நேராக உனக்கு அனுப்பினேன். எப்போதும்போல "வந்துடுச்சும்மா, அழிச்சுக்கோ" என்று சொன்னாய், எப்போதும்போல நானும் கார்டை அழித்தேன், இருப்பது அந்த ஒரே கார்டு, மறுநாள் அதில் கல்யாண வீட்டுப் படம் எடுக்க வேண்டியிருந்தது. முழுப் படம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. காலையில் பார்த்தால் உன் பேப்பரின் முதல் பக்கத்தில் மஞ்சள் சட்டைக்காரன் மட்டும் இருக்கிறான், கீழே என் பெயர். பைக் இல்லை, கயிறு இல்லை, அவள் இல்லை. ஆனால் மூலையில், அவன் தோளுக்குப் பக்கத்தில், துடைப்பத்தின் நுனி மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைக்கூட நீ ஒழுங்காக வெட்டவில்லை. துப்புரவு காண்ட்ராக்டர் அந்தப் பேப்பரைத்தான் கையில் வைத்துக்கொண்டு, நுனியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "ரேஸ் நடக்கற ரோட்டுக்குள்ள துடைப்பத்தோட பூந்திருக்கா, தப்பு அவமேல" என்று எல்லோரிடமும் காட்டுகிறான். அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்வது என் பெயர் போட்ட படம். இந்த மாதக் கடைசியில் விசாரணை. அன்றோடு அவள் வேலை போய்விடும், முறிந்த காலோடு வேறு எவன் வேலை கொடுப்பான்?

நீ போனை எடுத்த ஒரே தடவை என்ன சொன்னாய்? "பந்தயம் நடத்தறவங்கதான் எங்க பேப்பருக்கு விளம்பரம் குடுக்கறாங்க, அந்தப் படம் வெளிய போனா என் வேலை போயிடும், என்னை மாட்டிவிடாதம்மா" என்றாய். நீ பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. இத்தனை வருடம் முதலாளிகளுக்குப் பயந்தே ஸ்டூடியோ நடத்தியவள்தான் நானும். ஆனால் இரண்டு பேர் வேலையில் ஒன்று போக வேண்டும் என்றால், எப்போதும் கூட்டுகிறவள் வேலைதான் போக வேண்டுமா? அதை எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள்? அப்பா, "விடு, பிள்ளையைப் போட்டு வாட்டாதே, உன்னையே வெட்டாம விட்டாளே, அதுக்குச் சந்தோஷப்படு" என்று ஜோக்கடிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அலுப்பாக இருக்கிறது. மாடிப்படி ஏறி அவளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு இறங்கும்போதெல்லாம் யாரோ என் முதுகைப் பார்ப்பதுபோல இருக்கிறது.

நேற்று அவளுக்குத் தலை வாரிவிட்டேன். நீ பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் உனக்கு வாரிவிட்டவள். "படத்துல சின்னதாத் தெரிஞ்சிருப்பேன், பாப்பாவுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது" என்றாள். நான் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் முன்னால் கூனிக்கொண்டு உட்காராதே, கழுத்து போய்விடும். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், எவனுக்கும் பயப்படாமல் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் அவ்வளவுதான். மாதக் கடைசி என்பதை மறந்துவிடாதே. உனக்கு அவளை அடையாளம் தெரிந்ததா, இல்லையா? அதை எழுது. படத்தை அனுப்பு, முழுதாக அனுப்பு.

பதிலை எதிர்பார்த்து,
அம்மா