கோல் கீப்பருக்குக் காய்ச்சல்

பிப்ரவரி 5, 1934, திங்கள்

வாலு, இன்றைக்கு இடியாப்பம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ரயில்வே ஷெட்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டார்கள், ஆனால் போகத்தான் இல்லை. பந்துப் பேச்சு. லீக் ஏப்ரலில் ஆரம்பமாம். பயிற்சியை இந்த மாதமே தொடங்கணும் என்று பக்கிரிசாமி அண்ணன் ஒரே பிடி. தவக்காலம் கழியட்டும், டீமில் பாதிப் பேர் ஒருசந்தி இருப்பான்கள், பட்டினி வயிற்றோடு எப்படி ஓடுவான்கள் என்று ரபேல்.

"உங்க சாமி என்ன, லீக் தேதியைப் பார்த்தா நோன்பு வச்சாரு?" என்றார் பக்கிரிசாமி அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனால் யாரை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத்தான் தெரியும்.

பிறகு போன வருஷத்துக் கடைசி ஆட்டத்துக்குப் போனது பேச்சு. கோல் மட்டும் ஒழுங்காக நின்றிருந்தால் கப்பு நம்மளுது என்றான் ஒருவன். உடனே என் கறுப்புச் சேலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். நான் தட்டு கழுவத் திரும்பினேன். அதையே மெதுவாக இன்னொரு தரம் சொன்னான்.

நீ கல்லறையில் படுத்து ஒரு கிறிஸ்மஸ்தான் போயிருக்கிறது. இவர்களுக்கு நீ விட்ட அந்த இரண்டு கோல்தான் ஞாபகம்.

பிப்ரவரி 14, புதன்

இன்றைக்கு உன் பேர் கொண்ட திருநாள். இந்த வருஷம் சாம்பல் புதனும் இதே நாளில் வந்துவிட்டது. வாலண்டைன் என்று பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். நெற்றியில் சாம்பல் போட்டு, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்றார் சாமியார்.

எனக்கா சொல்லணும்?

பிப்ரவரி 20, செவ்வாய்

பயிற்சி தொடங்கிவிட்டது. தவக்காலம், ஒருசந்தி ஒன்றும் எடுபடவில்லை. வேலை முடிந்த கையோடு பாடாங்கு மைதானத்துக்குப் போகிறார்கள், இருட்டுகிற வரைக்கும் ஓட்டம்.

உன் இடத்தில் ஒருவன் வந்திருக்கிறான். பேர் கன்னையா. கிள்ளான் பக்கத்துப் பையன், ஷெட்டில் தற்காலிகக் கூலி. தனி ஆள், அதனால் மூன்று வேளையும் நம் வீட்டில்தான் சாப்பாடு. நல்ல உயரம். குனிந்து உள்ளே வருகிறான்.

ரபேல் இங்கிலீஷ் பேப்பரும் தமிழ்ப் பேப்பரும் வாங்கி வந்தார். இங்கிலீஷ் பேப்பரில் வெள்ளைக்காரன் டீமுக்கு ஒரு பத்தி, சீனன் டீமுக்கு ஒரு பத்தி, நமக்கு ஒரே வரியாம். பக்கிரிசாமி அண்ணனுக்கு ஆத்திரம். போன வருஷம் அந்த ஒரு வரியும் இல்லையே என்று ரபேல் சமாதானம் சொன்னார். தமிழ்ப் பேப்பரில் மைதானவாசி என்கிறவர் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். இவ்வருஷம் கப்பு நிச்சயம், புதிய கோல் கீப்பர் பழைய ஓட்டையை அடைப்பார் என்று.

பழைய ஓட்டை. என் பிள்ளை ஓட்டையா? கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் நின்றேன். ஏன் நின்றேன், ஏன் கேட்கவில்லை?

மார்ச் 6, செவ்வாய்

கன்னையா அடைதோசையைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சாப்பிட்டான். நீ கேட்கிற மாதிரி தட்டைத் தட்டிக் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

மார்ச் 16, வெள்ளி

நாள் முழுக்க இதே சண்டைதான். தினம் பயிற்சி வேண்டும் என்று ஒரு கட்சி, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்று ஒரு கட்சி. மழையில் ஓடினால்தான் கால் உரமாகும் என்று பக்கிரிசாமி அண்ணன். ஓடுகிற பையன்களை யாரும் கேட்கவில்லை. நேற்று மழையில் நனைந்து வந்த கன்னையா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டான்.

மார்ச் 23, வெள்ளி



காலையில் ரபேல் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். மைதானவாசிதான். 'கோல் கீப்பர் கன்னையா கடும் காய்ச்சலையும் பொருட்படுத்தாமல் பயிற்சியில் கலந்துகொண்டது இளைஞர்களுக்கு முன்மாதிரி.' எல்லாரும் கன்னையாவின் முதுகில் தட்டினார்கள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். உதடு வெடித்திருக்கிறது. கண் சிவந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

காய்ச்சலையும் பொருட்படுத்தாமல். உனக்கும் அதையே எழுதினார் வாலு. வார்த்தை மாறாமல் அதையே. அப்போது நான் கிள்ளானில் சூசன் சித்தியின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தேன். உனக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஓடினால் வேர்க்கும், வேர்த்தால் இறங்கிவிடும் என்று உன்னைக் கோலில் நிறுத்தினார்கள். நான் ரயிலேறி வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய், நெஞ்சு முழுக்கச் சளி. என்னை யாரென்று கேட்டாய்.

அந்தப் பேப்பரில் முதல் வரியில் நீ வீரன். அடுத்த வரியில், இரண்டு கோலையும் தடுத்திருக்கலாம்.

இப்படி எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றேன் ரபேலிடம். "பெருமையாத்தானேக்கா எழுதியிருக்காரு" என்றார்.

மார்ச் 26, திங்கள்

இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு டீம் செக்ரட்டரி தம்புசாமி வீட்டுக்குப் போனேன். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி, மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டார், உன்னைப் பற்றி வருத்தமாகச் சொன்னார். கன்னையாவுக்கு ஓய்வு கொடுங்கள் என்றேன். கோல் கீப்பர் ஓட வேண்டியதில்லையே, நிற்கத்தானே போகிறான் என்றார். பிறகு, எதற்கும் டிரெஸ்ஸரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

டிரெஸ்ஸரிடம் போனேன். கன்னையா என்று பேர் சொன்னதுமே, "ஐயையோ, அவன் இல்லாட்டி யாரு நிப்பா?" என்றார். மருந்து கொடுக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி. கொய்னா மாத்திரை கொடுத்து, லீக்குக்குள் சரியாகிவிடும் என்றார்.

சரி, அவனிடமே சொல்வோம் என்று வந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று மறைக்கிறான். விடாமல் கேட்டதும் உண்மையைச் சொன்னான். முதல் ஆட்டத்துக்கு போர்மேன் வருகிறாராம். நன்றாக ஆடினால் நிரந்தர வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். ஆள் குறைப்பு நடக்கிற காலத்தில் அந்தச் சொல்லுக்காக இவன் பாடையிலிருந்தும் எழுந்து போவான்.

யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஏப்ரல் 1, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. பாட வாய் வரவில்லை. கன்னையாவுக்குக் கஞ்சி வைத்தேன். காய்ச்சல் ஒருநாள் இறங்குகிறது, மறுநாள் ஏறுகிறது.

ஏப்ரல் 7, சனி

செய்துவிட்டேன் வாலு. சரியோ தப்போ.

இன்றைக்கு முதல் ஆட்டம். காலையில் சாப்பிட வந்த கன்னையாவுக்குக் குளிர் வந்துவிட்டது. உன் கட்டிலில் படுக்க வைத்து, இருந்த போர்வை எல்லாம் போட்டும் பல் கிடுகிடுக்கிறது. பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். வெங்காயக் கூடையையும் அருவாமனையையும் எடுத்துக்கொண்டு முன்வாசல் நிலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் அவனை ஏற்றிப் போக ரிக்‌ஷா வந்தது. கூடவே நடந்து பக்கிரிசாமி அண்ணன், ரபேல், இன்னும் இரண்டு பேர். அவன் இன்றைக்கு வெளியே வரமாட்டான் என்றேன். முதலில் வேடிக்கை பண்ணினார்கள்.

"ஆட்டம் முடிஞ்சதும் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றோம் மேரியக்கா. இரவல் வாங்கின சட்டி மாதிரி."

"போன தடவை நீங்க திருப்பிக் கொண்டாந்து விட்டதை நான் பார்த்தேன்" என்றேன்.

அதற்கப்புறம் சிரிப்பு இல்லை. ரபேல் தலையைக் குனிந்துகொண்டார். என்னைத் தாண்டினால் ஒரே எட்டு, உள்ளே போய்விடலாம். யாரும் தாண்டவில்லை. துக்கச் சேலை கட்டினவளைத் தாண்டிக்கொண்டு ஆட்டத்துக்குப் போனால் ஆட்டம் விளங்கினாற் போலத்தான் என்று பக்கிரிசாமி அண்ணன் மற்றவர்களிடம் முணுமுணுத்தார். என் காதில் விழட்டும் என்றுதான். விழுந்தது. நன்றாகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பின்னால் சத்தம். கன்னையா எழுந்து வந்து நிற்கிறான், பூட்ஸ் கையில், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"வழி விடுங்கம்மா."

நான் வெங்காயம் நறுக்கினேன்.

"அம்மா. போர்மேன் வந்திருப்பாரு."

நறுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் கொட்டியது, வெங்காயம் என்று நினைத்திருப்பான். அவனும் என்னைத் தாண்டவில்லை. அங்கேயே மடிந்து உட்கார்ந்துவிட்டான். ரிக்‌ஷா வெறுமனே போனது.

ஏப்ரல் 8, ஞாயிறு

ஐந்து கோல். நமக்கு ஒன்றும் இல்லை. பின்வரிசையில் பேக் ஆடுகிற ஒருவனைக் கோலில் நிறுத்தினார்களாம்.

ஏப்ரல் 9, திங்கள்

இடியாப்பம் அப்படியே இருக்கிறது. எதிர்ச் சாரியில் புதிதாகப் புட்டு அவிக்கிறாளே, அவள் வாசலில் கூட்டம். பக்கிரிசாமி அண்ணன் குரல் இங்கே வரைக்கும் கேட்கிறது. நம்மை எதிர்க் கட்சிக்காரன் தோற்கடிக்கவில்லை, ஒரு பொம்பளை தோற்கடித்தாள் என்கிறார். கேட்டுக்கொண்டே இலையை மூடி வைத்தேன். கன்னையா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறான். கஞ்சி கொண்டுபோனால் குடிக்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 12, வியாழன்

ரபேல் மட்டும் வந்தார், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து. பேப்பரை வாசிக்கச் சொன்னேன். 'கோல் கீப்பர் தகுந்த காரணமின்றி ஆட்டத்துக்கு வராதது வருந்தத்தக்கது.'

காய்ச்சல் என்று எழுதினால் என்ன, அன்றைக்கு எழுதினாரே என்று கேட்டேன்.

"மைதானவாசி ஆட்டத்துக்கே வரலையாம்க்கா. யாரோ சொன்னதை எழுதினாராம்."

இப்படித்தான் உன்னைப் பற்றியும் எழுதியிருப்பார். அந்த இரண்டு கோலையும் அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. பார்க்காதவர் சொன்னதைத்தான் இந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்க இத்தனை மாதமாக வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறது.

ரபேலைத் திட்டிவிட்டேன். பாவம், வந்தது அவர் ஒருவர்தான்.

ஏப்ரல் 14, சனி

கன்னையாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று இரண்டு வேளையும் சோறு சாப்பிட்டான்.

ஏப்ரல் 21, சனி

கன்னையா வந்து சொல்லிவிட்டுப் போனான். இனிமேல் எதிர்ச் சாரியில் சாப்பிடுகிறானாம். சத்தம் போடவில்லை. நிரந்தர வேலை அந்த ஐந்து கோல் வாங்கின பையனுக்குக் கிடைத்துவிட்டதாம், தோற்றாலும் துணிந்து நின்றான் என்று போர்மேன் சொன்னாராம்.

"சாதாரணக் காய்ச்சல்தானேம்மா. ஓடியிருந்தா வேர்த்து அன்னிக்கே இறங்கியிருக்கும்."

கன்னம் மறுபடியும் உருண்டிருக்கிறது. நல்ல பசியில் இருக்கிற முகம். வாசல் வரைக்கும் போனேன். குனிந்து வெளியே போனான், பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு. இன்றைக்கு அவன்தான் கோல்.

அவன் செத்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஊரே சொல்லும். பிழைத்துவிட்டான், அதனால் நான் ஆட்டத்தைக் கெடுத்தவள், ஒரு பையன் பிழைப்பைக் கெடுத்தவள். அப்படியே இருக்கட்டும். அவன் நடந்து போகிறான் இல்லையா, அது போதும். போதும் என்றுதான் எழுதுகிறேன் — ஆனாலும் வயிறு எரிகிறதே. அவனுக்கு விட்ட அதே காய்ச்சல்தானே உனக்கும் வந்தது?

இப்போது பாடாங்கிலிருந்து இரைச்சல் வருகிறது. யார் போட்ட கோலோ தெரியவில்லை. கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. அந்த முன்வாசல் நிலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

காய்ச்சலில் அவ்வளவு ஆசை இருந்தும் அந்தப் பையன் என்னைத் தாண்டவில்லை. யாரோ பெற்ற பிள்ளை. நீ நான் பெற்றவன், என்னிடம் செல்லம் கொண்டாடினவன், எதற்கும் அடங்காதவன். அன்றைக்கு நான் கிள்ளானில் இல்லாமல் இந்த நிலையில் குறுக்கே உட்கார்ந்திருந்தால், நீ என் பின்னால் உட்கார்ந்திருப்பாயா வாலு, இல்லை என்னைத் தாண்டிக்கொண்டு ஓடியிருப்பாயா?