பொட்டு வைத்த கம்பிரசர்

குரோய்டன்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் துஷ்யாவுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறேன், நீயும் கல்கரிக் குளிரில் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். இந்த முதல் வரியை எல்லோரும் வழக்கத்துக்காக எழுதுவார்கள், நான் எழுதியது அப்படியில்லை, இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். ரஜனி மாமி உனக்குப் போன் எடுத்ததும், கொம்மா தோட்டத்துக்குள்ளை தெப்பமா நனைஞ்சு நடுங்கிக்கொண்டு நிண்டவ, இனித் தனிய விட ஏலாது, நீ வந்திடு பிள்ளை என்று சொன்னதும், நீ வேலையை விட்டுவிட்டு வருவதாக முடிவெடுத்து மாத முடிவில் உன் மேலாளரிடம் சொல்லப் போவதும் எனக்குத் தெரியும். மாமியே சொன்னார், நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார். போனில் இதைப் பேசினால் நீயும் நானும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம், அதனால் எழுதுகிறேன். தபாலில் போடுமுன் படமெடுத்தும் அனுப்புவேன். சனிக்கிழமைகளில் உன்னை அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும், ஆறுதலாக வாசி.

மாமி கண்டது பொய் இல்லை, பாதி. உனக்குத் தெரியும், மழைக்குப் பேர்போன இந்த ஊரில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க நிலத்துக்குக் கீழே குழாய் புதைத்த வீடு எங்கள் தெருவில் எங்களுடையது மட்டும்தான். ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் அப்பா ஒரு பணக்கார வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தார், அங்கே கண்டதை இங்கே தன் கையாலேயே செய்து முடித்தார். களிமண் தோண்ட இடுப்பு நாரி விடவில்லை என்று ஒரு சாண் ஆழத்தோடு நிறுத்திவிட்டார். அந்த ஆழத்தில் கிடக்கிற தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும், ஆகவே ஒவ்வொரு இலையுதிர் காலமும் தன் டயர்க் கடையில் இருந்து கம்பிரசரைக் கொண்டுவந்து குழாய்க்குள் காற்று அடித்து மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளுவார். நான் குசினி ஜன்னலுக்குள்ளால் தேத்தண்ணீரோடு பார்த்துக்கொண்டு நிற்பேன். பல வருடம் பார்த்தேன், ஒரு தரம்கூட எப்படி என்று கேட்கவில்லை. கேட்கத் தேவை வரும் என்று யார் நினைத்தது. இது அப்பா இல்லாத முதல் குளிர்காலம், பனி கொட்டப் போகிறது என்று வானொலியில் சொன்னபோது அது எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

கூலிக்கு ஆள் பிடித்திருக்கலாம் என்று நீ சொல்வாய். உன் ஊரில் இதற்கென்றே வான் வண்டிகளில் ஆட்கள் வருவார்களாம், இங்கே கேட்ட இடத்தில் நின்ற பையனுக்கு நான் என்ன கேட்கிறேன் என்பதை விளங்கப்படுத்தவே நேரம் போய்விட்டது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க காஸ் குழாயும் வால்வும் பார்க்கிறவள் நான், இதைச் செய்ய ஏலாதா என்று நினைத்தேன். ஓர் அமெரிக்க மனிதர் செய்து காட்டுகிற வீடியோவைப் பள்ளி விட்டு வந்து குறிப்பெடுத்துப் பார்த்தேன். முதலில் தண்ணீர் வருகிற பைப்பைப் பூட்ட வேண்டும், பிறகு கம்பிரசர் ஹோஸைப் பொருத்தி, காற்றின் அழுத்தத்தை ஐம்பதுக்கு மேல் ஏற விடாமல், குழாயின் ஒரு பகுதியைத் திறந்து தண்ணீர் பனிப்புகாராக வந்து அடங்கியதும் நிறுத்தி அடுத்ததைத் திறக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்ளருக்கு மேலே குனிந்து பார்க்கவே கூடாது என்று அந்த மனிதர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

அப்பாவோடு பங்காக நடத்திய கடையை இப்போது தனியாக நடத்துகிற நிஷாந்தன் மாமா கம்பிரசரை வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அக்கா, உங்களுக்கு இது சரிவராது, அடுத்த கிழமை நானே வந்து அடிச்சு விடுறன் என்றார். போன வருடம் எங்கள் ஹீற்றர் விஷயத்திலும் அவருடைய அடுத்த கிழமை மே மாதத்தில்தான் வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். நன்றி சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆயுத பூசை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பா என்றால் கம்பிரசரின் வயிற்றில் சந்தனம் வைப்பார். நிஷாந்தன் மாமா அதற்கு முகம் எது என்று தேடியிருக்கிறார், காற்று மீற்றர்தான் வட்டமாக முகம் மாதிரி இருந்திருக்கிறது, அதன் கண்ணாடிக்கு நடுவிலே பெரிய சந்தனப் பொட்டும் அதன் மேலே குங்குமமும். காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க அதைத் துடைக்க வேண்டும்.

நான் துடைக்கவில்லை. ஈரத் துணியைக் கையில் எடுத்தேன், பிறகு திரும்ப வைத்தேன். அது அப்பாவின் கம்பிரசர். பொட்டு அழிப்பது இந்த வருடம் இந்த வீட்டில் ஒரு தரம் நடந்துவிட்டது, நான் வைப்பதை விட்டதற்காக நீ என்னோடு சண்டையும் பிடித்தாய், இன்னொரு தரம் என் கையால் செய்ய மனம் வரவில்லை. சத்தத்தை வைத்துப் பிடிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இத்தனை வருடம் ஜன்னலுக்குள்ளால் கேட்ட சத்தம்தானே. விஞ்ஞானம் படித்த ஒருத்தி எடுக்கக்கூடிய முடிவு இல்லை, ஆனாலும் எடுத்தேன்.

நீ கனடா போன பிறகு பக்கத்து வீட்டுக்கு வந்த மன்னார்க்காரி மேரிறோஸ் அன்ரி உதவிக்கு வந்து வேலியோரம் நின்றார். முதல் பகுதியைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஸ்பிரிங்ளருக்கு மேலே குனிந்து பார்த்தேன். அந்த நேரம் அதன் தலை கழன்று என் காதைக் கடந்து மேலே போய்க் கொட்டில் கூரையில் விழுந்தது, பின்னாலேயே அந்தப் பகுதிக் குழாயில் கிடந்த தண்ணீர் முழுவதும் என் மேலேயும் அன்ரியின் மேலேயும் வந்தது. அன்ரி அசையாமல் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, உன்ர மனுசன் மேல போயும் கோவம் குறையேல்லைப் போல என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்ச் மாதம் அப்பா போன பிறகு அப்படிச் சிரிக்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ரஜனி மாமி இடியப்பப் பெட்டியோடு பக்கக் கேற்றால் உள்ளே வந்தார். ஐயோ மச்சாள், உங்களுக்கென்ன விசரே, அண்ணை இருந்தா இப்பிடி விட்டிருப்பாரோ என்று கேட்டார். அண்ணை இருந்தா நான் உள்ளுக்கை நிண்டு தேத்தண்ணி குடிச்சிருப்பன் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நான் நடுங்கியது உண்மை, மாமி காரணத்தை மட்டும் தானாகப் போட்டுக்கொண்டார்.

உடுப்பு மாற்றி, இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, வெளியே போய்ப் பொட்டைத் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி தெரிந்தது, முள் நூற்றிருபதில் நின்றது, அது லொறி டயருக்கு அடிக்கிற காற்று. திருகி ஐம்பதுக்கு இறக்கி, மிச்சப் பகுதிகளை ஒவ்வொன்றாக அடித்தேன். தூரத்தில் நின்றேன். ஒவ்வொன்றும் தண்ணீர், பிறகு புகார், பிறகு வெறும் காற்று. மாமி இதைக் குசினி ஜன்னலுக்குள்ளால் பார்த்தவர், உனக்குச் சொல்ல மறந்திருப்பார். பனியும் கொட்டிவிட்டது. குழாய் தப்பியதா என்று ஏப்ரலில்தான் தெரியும், தப்பாவிட்டால் தோண்டிப் பார்ப்பேன். அமெரிக்க மனிதர் அதற்கும் ஒரு வீடியோ வைத்திருக்கிறார்.

இப்போது நான் சொல்ல வந்தது. நான் சமாளிக்கிறேன் என்று காட்ட இவ்வளவும் எழுதவில்லை, சில நாள் சமாளிக்கிறேன், சில நாள் சட்டி கழுவாமலே படுக்கிறேன். நீ வந்தால் சட்டி கழுவப்படும், அது உண்மை. ஆனால் அம்மாவுக்கு ஏலாது என்று நீ வந்தாயென்றால், உனக்கு முன்னால் நான் ஒவ்வொரு நாளும் ஏலாதவளாக இருந்து காட்ட வேண்டிவரும், இல்லாவிட்டால் நீ வந்தது வீண் என்று ஆகிவிடும். எனக்கு அந்த நடிப்பு வராது. இன்னொன்றும் யோசித்தேன், மாமி சொன்ன உடனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அன்றைக்கே எப்படி முடிவெடுத்தாய். அவ்வளவு ஆசைப்பட்டுப் போன வேலை. பிறகுதான் நீ அனுப்புகிற படங்களைத் திரும்பப் பார்த்தேன், மேசையில் எப்போதும் ஒரு கோப்பைதான் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே எப்போதும் இருட்டு. இங்கை நாலு மணிக்கே இருளுது அம்மா என்று நீ சொல்லும்போது இங்கையும் அப்பிடித்தான் என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போயிருக்கிறேன்.

சத்தான சாப்பாடு சாப்பிடு, விற்றமின் டி குளிசையைப் போட மறக்காதே, நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் உனக்கு நல்லதாகவே முடிய வேண்டும் என்று கும்பிடுகிறேன். மேலாளரிடம் போகுமுன் எனக்கு ஒரு வரி எழுது, தமிழில் எழுது, பிழை இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு ஏலாது என்பதற்காக நீ வர வேண்டாம். அங்கே உனக்குத்தான் ஏலாமல் இருக்கிறது என்றால் அதைச் சொல், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
சிவகௌரி