ஊமைப்படத்தில் கேட்ட சத்தம்

மதினி,

உங்கள் பீரோவைக் காலி செய்தபோது சேலைகளுக்கு அடியில் அந்த சிடி இருந்தது. கறுப்பு வெள்ளைப் பேய்வீட்டுக் கார்ட்டூன். தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்களே, என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு!

அது தீபாவளி சீசன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கப் போயிருந்தார். நாம் இருவரும் வீட்டில் காகிதக் குழாய் ஒட்டிக்கொண்டே படம் பார்த்தோம். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அந்தக் காலத்து ஊமைப்படம் என்று நமக்கு எங்கே தெரியும்? கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் திட்டித் தீர்த்தீர்கள்.

எலும்புக்கூடு ஒன்று தன் தலையைக் கழற்றிக் கதவில் எறிந்தது. டமார் என்று கேட்டது. "சத்தம் வந்துருச்சு மதினி" என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அது மறுபடி எறிந்தது. சத்தம் வரவில்லை. அலமாரியில் டம்ளர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அடுத்த நொடி நீங்கள் தெருவில் நின்றீர்கள். மேற்கே புகை. எதிர்வீட்டு அக்காவும் ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் அதே கம்பெனிதான். எந்தக் கம்பெனி என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் அழவில்லை. விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே நின்றீர்கள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கள் என்று உங்களை உலுக்கினேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

வெகுநேரம் கழித்து, உடம்பெல்லாம் மருந்துப்பொடியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தார். வெடித்தது அதே கம்பெனியில் அவருக்கு அடுத்த ஷெட். அக்காவின் வீட்டுக்காரர் அதற்குள் இருந்தார்.

அண்ணனை நீங்கள் தொடக்கூட இல்லை. அக்காவோடு இருக்கச் சொல்லி என்னை அனுப்பினீர்கள். நான் படி இறங்கும்போது கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"ஏ பிள்ள, நாம சிரிச்சத அங்கன சொல்லிராத."

அதன்பிறகு நமக்குள்ளேயும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

உங்கள் பதினாறாம் நாளுக்கு அக்கா வந்திருந்தாள். என் மடியில் விழுந்து அழுதாள். "அன்னைக்குச் சத்தம் கேட்டதும் மொத ஆளாத் தெருவுக்கு ஓடியாந்தது உன் மதினிதான்" என்றாள்.

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை, மதினி. இதுவரை சொல்லாமல் இருக்க இரண்டு பேர் இருந்தோம். இனி நான் ஒருத்திதான்.