கழுத்தில் ஒரு விலா எலும்பு

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

நம் டிரைவிங் ஸ்கூலில், கற்றுக்கொள்ள வந்தவர்கள் முன்னாலேயே என் கையிலிருந்து கார் சாவியைப் பிடுங்கினாயே, "தூங்கி வழிஞ்சுக்கிட்டே கத்துக் கொடுக்கிறே, யாராவது செத்தா என்ன பண்றது?" என்று. நான் தூங்கவில்லை; இடது இமைதான் தானாகத் தாழ்ந்து நிற்கிறது. யாரும் சொல்லித் தராமல் ஸ்டீயரிங் பிடித்தவள் நான். உனக்குச் சொல்லித் தந்ததும் நான்தான்.

அதைக் காட்டப் போனபோது, டாக்டர் அறை விளக்கை அணைத்து என் கண்களைப் பார்த்தார். வலது கண்ணின் பாவை விரிந்தது. இடது பாவை கடுகளவிலேயே நின்றது. "உங்க கழுத்துல பிறவியிலேயே ஒரு விலா எலும்பு கூடுதலா இருக்கும்மா. கண்ணுக்குப் போற நரம்பை அது அழுத்துது, அதான் இமை தொங்குது. ரொம்ப அபூர்வம்" என்றார்.

"என் தம்பி அதுக்குத் தூக்கம்னு பேர் வச்சிருக்கான்" என்றேன். சிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை எலும்பை எடுக்கிறார்கள். சின்ன வேலைதான். கூட இருந்து கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்று. நம் ஸ்கூல் விளம்பரத்தில் நாம் இருவரும் நிற்கும் படத்தை டாக்டரிடம் காட்டினேன். உன் இடது இமையும் தாழ்ந்திருக்கிறது. குடும்பத்தில் வரக்கூடியதாம், உன்னையும் பார்க்க வேண்டுமாம்.

அதனால் வியாழக்கிழமை வந்துவிடு. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அலைச்சல் மிச்சம். காரை நீயே ஓட்டி வா. இமையைப் பார்த்துச் சாவியைப் பிடுங்கும் பழக்கம் எனக்கில்லை.

உன் அக்கா